மரத்த தோலில் எறும்பு ஊரும் காலம்: மார்பக இம்ப்ளான்ட் அறுவைக்குப் பிந்தைய நரம்பு வலி

மார்பகத்தைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் வைத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே பயப்படுவது கத்தி பட்ட வலிக்குத்தான். அது பெரும்பாலும் எதிர்பார்த்த அளவில் வந்து, முதல் வாரத்திலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. குழப்பம் அதற்குப் பிறகு வருகிறது. தையல் ஆறி வீக்கமும் வடியத் தொடங்கிய இரண்டாவது, மூன்றாவது வாரத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது மார்பின் பக்கவாட்டில் ஷாக் அடித்ததுபோல ஒரு சுரீர். ஒரு நொடியில் மறைந்துவிடும். விரலால் அழுத்தினால் எதுவும் தெரியாத தோலில், நைட்டித் துணி உரசினால் மட்டும் தீப்பட்ட எரிச்சல். ஒரு பக்கத்து முலைக்காம்பு கட்டைபோல மரத்திருக்க, மறு பக்கத்துக் காம்பில் ஷவர் தண்ணீர் பட்டாலே உடம்பு கூசிப் பின்வாங்குகிறது.

உணர்ச்சி போய்விட்டதா, அளவுக்கு மீறிக் கூடிவிட்டதா என்று கேட்டால், ஒரே இடத்தில் இரண்டுமே நடக்கலாம் என்பதுதான் பதில். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பி அடிபட்டிருக்கிறது. அதனால் வெளியிலிருந்து வரும் தொடுதல் உள்ளே போய்ச் சேரவில்லை. அதே கம்பி, அடிபட்ட இடத்தில் தானாகவே பொறி பறக்கவிடுகிறது. அந்தப் பொறியை மூளை வலியாகப் படிக்கிறது. மரமரப்பும் வலியும் ஒரே நரம்பின் இரண்டு முகங்கள் என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு, அந்த நரம்பு எந்த வழியில் ஓடுகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வளரும் என்ற கணக்குத் தெரிய வேண்டும்.

நரம்பு போகும் பாதை

மார்பகத்தின் மேல்பகுதித் தோலுக்கு உணர்ச்சி கழுத்திலிருந்து வருகிறது. காறை எலும்பைத் தாண்டி இறங்கும் மெல்லிய நரம்புகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. மீதி முழுவதும் விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகளின் பொறுப்பு, ஏறக்குறைய 2ஆம் நரம்பிலிருந்து 6ஆம் நரம்பு வரை. இவை ஒவ்வொன்றும் தோலுக்கு இரண்டு கிளைகளை விடுகின்றன. ஒன்று அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில் வெளியே வரும். இன்னொன்று நடு நெஞ்செலும்பின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

முலைக்காம்புக்கும் அதைச் சுற்றிய கருவட்டத்துக்கும் மிக முக்கியமானது 4ஆம் விலாவிடை நரம்பின் பக்கவாட்டுக் கிளை. 3ஆவதும் 5ஆவதும் துணைக்கு வரும். நெஞ்செலும்பு ஓரத்துக் கிளைகளும் கொஞ்சம் கைகொடுக்கும். அந்தப் பக்கவாட்டுக் கிளை பெரும்பாலோருக்குத் தோலுக்கு அடியில் மேலாகப் போவதில்லை. மார்புத் தசையைப் போர்த்தியிருக்கும் உறையை ஒட்டி, மார்பகத்தின் அடித்தளத்தில் ஊர்ந்து, பிறகு சுரப்பித் திசுவுக்குள் மேலேறிக் காம்பைப் பின்புறமாகச் சென்று தொடுகிறது. இம்ப்ளான்டுக்காகச் சர்ஜன் பை போன்ற இடத்தை உருவாக்குவதும் அந்த அடித்தளத்தில்தான். பையின் வெளி ஓரம், அதாவது அக்குள் பக்கத்து ஓரம், இந்த நரம்பு நுழையும் வாசலுக்கு வெகு அருகில் இருக்கிறது. அனுபவமுள்ள சர்ஜன்கள் அந்த ஓரத்தில் கத்தியையும் மின்சூட்டுக் கருவியையும் தவிர்த்து, விரலாலோ மழுங்கிய கருவியாலோ மெல்லத் தள்ளி இடம் உண்டாக்குவதற்குக் காரணம் இதுதான்.

அக்குள் வழியாக இம்ப்ளான்டைச் செலுத்தும் முறையில் வேறொரு நரம்பு ஆபத்துக்கு உள்ளாகிறது. 2ஆம் விலாவிடை நரம்பிலிருந்து கிளம்பி மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகும் கிளை அது. மார்பில் அறுவை செய்துகொண்டவருக்குக் கையின் உட்புறம் ஏன் மரத்துப்போகிறது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

என்னென்ன அடி படுகிறது

நரம்பு அறுபடுவது ஒரு வகைக் காயம் மட்டுமே. இந்த அறுவையில் அதிகம் நடப்பது இழுபடுவது. 300 சிசி இம்ப்ளான்ட் என்றால் 300 மில்லி கொள்ளளவு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அதை ஒரே மணி நேரத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே வைத்ததும், அதன் மேலே போகும் நரம்புகள் அத்தனையும் நீண்டே ஆக வேண்டும். முயலின் கால் நரம்பை இழுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நீளம் 8 சதவீதம் கூடியபோதே நரம்புக்குள் இருக்கும் சிறு சிரைகளில் ரத்த ஓட்டம் தடைபட்டது. 15 சதவீதத்தில் ரத்த ஓட்டம் முழுமையாக நின்றது. மனித மார்பில் இதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒல்லியான உடல்வாகும் இறுக்கமான தோலும் கொண்டவருக்கு 400 சிசிக்கு மேல் வைத்தால் ஏன் உணர்ச்சிக் குறைவு அதிகம் வருகிறது என்பதை இந்தச் சோதனை புரியவைக்கிறது.

கீறல் எங்கே என்பதைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கருவட்டத்தின் ஓரத்தில் கீறுவது காம்பின் உணர்ச்சியை அதிகம் பாதிக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மார்பின் அடிமடிப்பில் கீறுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை, இம்ப்ளான்டின் அளவுதான் தீர்மானிக்கிறது என்று கண்ட ஆய்வும் உண்டு. எங்கள் கருத்தில் கீறல் எங்கே என்ற கேள்விக்குத் தரும் கவனத்தில் பாதியையாவது எத்தனை சிசி என்ற கேள்விக்குத் தர வேண்டும். கீறலின் இடத்தை எல்லோரும் கேட்கிறார்கள். அளவை மட்டும் கண்ணாடி முன் நின்று முடிவு செய்கிறார்கள்.

காயத்தின் ஆழத்தை 1943இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹெர்பர்ட் செடன் மூன்று படிகளாகப் பிரித்தார். இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது. முதல் படியில் நரம்பு இழை அறுபடவில்லை. அமுக்கத்தாலோ இழுப்பாலோ சில காலம் வேலை செய்யாமல் இருக்கிறது, அவ்வளவுதான். சில நாட்களிலிருந்து 12 வாரங்களுக்குள் தானாகத் திரும்பிவிடும். இரண்டாம் படியில் உள்ளிழை அறுந்திருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிய குழாய் முழுதாக இருக்கிறது. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள இழை செத்துக் கரைந்து, புதிய இழை அதே குழாய்க்குள் வளர்ந்து போக வேண்டும். மூன்றாம் படியில் குழாயோடு சேர்த்து நரம்பே துண்டாகிறது. அப்போது வளரும் நுனிக்கு வழி தெரியாது. திசைமாறிச் சுருண்டு, தழும்புத் திசுவோடு கலந்து ஒரு முடிச்சாகிவிடலாம். நியூரோமா என்பது அந்த முடிச்சுதான். இம்ப்ளான்ட் அறுவைகளில் பெரும்பாலும் காணப்படுவது முதல் இரண்டு படிகள். அதனால்தான் பெரும்பாலோருக்கு உணர்ச்சி திரும்புகிறது.

நாளுக்கு 1 மில்லிமீட்டர்

வளரும் நரம்பிழையின் வேகம் சராசரியாக நாளுக்கு 1 மி.மீ. அதாவது மாதத்துக்கு 3 செ.மீ. விலாவின் பக்கவாட்டில், நரம்பு வெளியே வரும் இடத்தருகே காயம் பட்டிருந்து, அங்கிருந்து காம்பு வரை 12 செ.மீ. தூரம் இருந்தால், 120 நாள். வளர்ச்சி தொடங்குவதற்கு முன் அறுந்த பகுதி கரைய வேண்டிய சில வாரங்களையும், நுனி போய்ச் சேர்ந்த பிறகு தோலோடு மீண்டும் பழக வேண்டிய வாரங்களையும் சேர்த்துக்கொண்டால் 5, 6 மாதம் ஆகிவிடும். இரண்டாம் மாதத்தில் காம்பு இன்னும் மரத்திருக்கிறதே என்று அழுபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். முதல் படிக் காயமாக இருந்தால் இதைவிட வேகமாகவே திரும்பும். முழு நிலவரம் தெரிய ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு சிறு பகுதியினருக்கு உணர்ச்சிக் குறைவோ மிகைக் கூச்சமோ நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. அறுவைக்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்டிஏ 2021 அக்டோபரில் இம்ப்ளான்ட் வைக்கப்போகும் ஒவ்வொருவரோடும் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டிய பட்டியலைக் கட்டாயமாக்கியபோது, தோல் மற்றும் காம்பின் உணர்ச்சி மாற்றமும் இழப்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன.

காத்திருக்கும் காலத்தில் நரம்பு ஒழுங்காக வளர்கிறதா என்று பார்க்க நூறாண்டுப் பழைய வழி ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவந்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல், 1915இல் ஒன்றைக் குறித்துவைத்தார். அடிபட்ட நரம்பின் பாதையில் விரலால் மெல்லத் தட்டினால், நரம்பு ஓடும் திசையில் எறும்பு ஊர்வதுபோல இருந்தால், அங்கே புதிய இழைகள் வளர்ந்து வந்திருக்கின்றன என்று பொருள். தட்டிய இடத்திலேயே வலி மட்டும் வந்தால் அது நரம்பு உறுத்தப்படுவதன் அடையாளம். வலி வேறு, ஊரல் வேறு என்று அவர் பிரித்துச் சொன்னது இன்றைக்கும் மிகவும் பயனுள்ள பாகுபாடு. ஊரலின் எல்லை வாரத்துக்கு வாரம் விலாவிலிருந்து காம்பை நோக்கி நகர்ந்தால் நல்ல செய்தி. மாதக்கணக்கில் ஒரே புள்ளியில் நின்று, தட்டும்போதெல்லாம் அங்கேயே சுளீரென்று வலித்தால் அது நியூரோமாவாக இருக்கலாம், காட்டியாக வேண்டும்.

முதல் சில நாட்கள் பெரும்பாலும் மரமரப்பும் இறுக்கமும்தான். தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் வைத்தவர்கள் நெஞ்சில் கல்லை ஏற்றியதுபோல இருக்கிறது என்பார்கள். அது தசை வலி, நரம்பு வலி இல்லை. 2ஆம் வாரத்திலிருந்து 6ஆம் வாரம் வரை சுரீர் வலிகளும், ஊசிக் குத்தலும், உள்ளே எங்கோ சொறிய முடியாத நமைச்சலும் உச்சத்தில் இருக்கும். ராத்திரியில் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம், கவனத்தைத் திருப்ப வேறு எதுவும் இல்லாதது. துணி உரசுவது, காற்று படுவது போன்ற சாதாரணத் தொடுதல்கூட வலியாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான் தலைதூக்கும். 3ஆம் மாதத்தில் சுரீர் வரும் இடைவெளி நீளும். ஒரு நாளைக்குப் பத்துமுறை வந்தது வாரத்துக்கு இருமுறையாகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வலது பக்கத்து நரம்பும் இடது பக்கத்து நரம்பும் ஒரே அளவு இழுபட்டிருக்காது.

குழந்தைக்குப் பாலூட்டும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. குழந்தை சப்பும்போது காம்பிலிருந்து 4ஆம் நரம்பு வழியாக மூளைக்குப் போகும் செய்திதான் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்துப் பாலை வெளியே தள்ளுகிறது. காம்பின் உணர்ச்சி நீண்டகாலம் குறைந்திருந்தால், சுரப்பி நன்றாக இருந்தும் பால் இறங்கத் தாமதமாகலாம். பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் இந்த அறுவை பற்றிச் சொல்லிவைத்தால், எடை குறைகிறதா என்று குழந்தையை முதல் வாரத்திலேயே கவனிப்பார்கள்.

நரம்பு வலி என்று நினைத்து ஏமாறக்கூடாதவை

மார்பில் எது வலித்தாலும் நரம்பு திரும்புகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வது ஆபத்து. முதல் 48 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெரிதாகி, கல்போல இறுகி, விண்விண்ணென்று வலித்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ அதுவும் அப்படித்தான். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், பரவும் சிவப்பு, தையலிலிருந்து கலங்கிய நீர் என்றால் கிருமித் தொற்று.

சில வாரங்கள் கழித்து மார்பின் அடிமடிப்பிலிருந்து வயிற்றை நோக்கி, தோலுக்கு அடியில் கம்பிபோல ஒரு நாண் தட்டுப்படலாம். கையைத் தூக்கினால் இழுத்து வலிக்கும். மோன்டோர் நோய் என்பார்கள். மேலோட்டமான சிரையில் ரத்தம் உறைந்து தடித்திருப்பதுதான் அது. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். ஒரு பக்க விலாவில் பட்டையாக எரிச்சல் வந்து, இரண்டு மூன்று நாளில் அதே பட்டையில் கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கி. அதற்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, ஆகவே அதை அறுவை வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும் வலி வேறு கதை. இம்ப்ளான்டைச் சுற்றி உடல் ஒரு தழும்பு உறையைக் கட்டுவது இயல்பு. அந்த உறை சுருங்கி இறுகினால் மார்பகம் கெட்டியாகி, வடிவம் மாறி, கடைசியில் வலிக்கவும் தொடங்கும். இந்த இறுக்கத்தை நான்கு நிலைகளாக அளக்கும் பேக்கர் அளவுகோலில் 4ஆம் நிலை என்பது இந்த வலியோடு கூடிய கடினம். ஓராண்டுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து வீங்கினால் அந்த நீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்ப்ளான்டுகளோடு தொடர்புடைய லிம்போமா என்ற அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று அப்படித்தான் தலைகாட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் பிரா. கம்பி இல்லாத, உள்பக்கம் தையல் மடிப்பு உறுத்தாத, முன்புறம் கொக்கி போடும் வகை. எத்தனை வாரம் என்பதைச் சர்ஜன் சொல்வார், பொதுவாக 4 முதல் 6 வாரம். காம்பு கூசுபவர்கள் நடுவில் ஒட்டாத மென்மையான பருத்தித் துணியை வைக்கலாம். தளரத் தளர இருக்கும் துணிதான் அதிகம் உரசி எரிச்சல் தரும். மெல்ல அணைத்துப் பிடிக்கும் துணி பல பேருக்கு இதமாக இருக்கிறது. கூச்சத்துக்குப் பயந்து பிராவே போடாமல் லூசான நைட்டியோடு இருப்பவர்கள் இதை முயன்று பார்க்கலாம்.

சூடும் குளிரும் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஹாட் வாட்டர் பேக் வைத்துக் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஐஸ் பேக்கும் நேராக வைத்தால் தோலைச் சுட்டுவிடும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஐஸ் வைக்கச் சர்ஜன் அனுமதித்தால் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் போகாமல், இடையில் தோலின் நிறத்தைப் பார்த்து வைக்க வேண்டும். பச்சைக் கற்பூரமும் புதினா உப்பும் கலந்த வலித் தைலங்களை நம் வீடுகளில் கை தானாகத் தேடும். உணர்ச்சி இல்லாத தோலிலும் புதுத் தழும்பிலும் அவற்றைத் தடவ வேண்டாம்.

தொடுதலுக்கே வலிக்கும் தோலைத் தொடாமல் பாதுகாப்பது இயல்பான உந்துதல். ஆனால் நாட்கணக்கில் ஒன்றும் படாமல் வைத்தால் நரம்பு மண்டலம் இன்னும் உஷாராகிறது, அடுத்த தொடுதல் இன்னும் அதிகமாக வலிக்கிறது. கை அறுவைக்குப் பிறகு பிசியோதெரபிஸ்டுகள் பல்லாண்டாகச் செய்துவரும் தொடுபயிற்சியை இங்கேயும் செய்யலாம். காயம் முழுதாக மூடிய பிறகு, சர்ஜனின் சம்மதத்தோடு, பொதுவாக 3ஆம் வாரத்துக்கு மேல் தொடங்கலாம். முதலில் பட்டுத் துணி அல்லது பஞ்சு. வலி இல்லாத நல்ல தோலில் தொடங்கி, கூசும் இடத்தின் ஓரம் வரை மெல்லத் தடவ வேண்டும். பிறகு ஓரத்தைத் தாண்டி ஒரு விரற்கடை உள்ளே. ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 முதல் 5 தடவை. தடவும்போது அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இது துணி, இது மென்மையானது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது மூளைக்குப் பழைய வரைபடத்தை நினைவுபடுத்தும். ஒரு துணி பழகிவிட்டால் அடுத்து பருத்தித் துண்டு, அதன் பிறகு கொஞ்சம் சொரசொரப்பான டவல். அசௌகரியம் 10க்கு 4ஐத் தாண்டினால் முந்தைய துணிக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாரம் விடாமல் செய்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் அரை மணி நேரம் தேய்த்துவிட்டு நான்கு நாள் விட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

தழும்பின் மேல் சிலிகான் ஷீட் அல்லது ஜெல் வைத்தால் தழும்பு தட்டையாகும். தழும்பு இளகினால் அதில் சிக்கிய சிறு நரம்புகளின் இழுப்பும் குறையும். ஷீட் என்றால் நாளில் 12 மணி நேரமாவது, குறைந்தது 2 மாதம். இம்ப்ளான்டையே பிசைந்துவிடுவது வேறு விஷயம். எல்லா வகை இம்ப்ளான்டுக்கும் அது பொருந்தாது, சர்ஜன் சொன்னால் மட்டும்.

மாத்திரைகள்

முதல் வார வலிக்கு அடித்தளம் பாராசிட்டமால். 650 மி.கி. மாத்திரை என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நான்கு. 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டவே கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரை சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. அதையும் போட்டுத் தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் கணக்கு இரட்டிப்பாவது பலருக்குத் தெரிவதில்லை. அட்டையின் பின்புறத்தைப் படிக்க வேண்டும்.

சுரீர், எரிச்சல், துணி பட்டால் வலி ஆகியவற்றுக்கு இந்தச் சாதாரண வலி மாத்திரைகள் அதிகம் உதவாது. வேலை செய்வது வேறு குடும்பம்: கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின். நால்வகையும் மருத்துவர் சீட்டில்லாமல் எடுக்கக் கூடாதவை. சிறு அளவில் ராத்திரியில் தொடங்குவார்கள், கபாபென்டின் 300 மி.கி. என்றோ, அமிட்ரிப்டிலின் 10 மி.கி. என்றோ. பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டுவார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். மூன்று நாள் போட்டுப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது என்று நிறுத்திவிடுபவர்கள் மருந்துக்கு வேலை செய்ய அவகாசமே தரவில்லை. வாரக்கணக்கில் எடுத்த கபாபென்டினையும் பிரிகாபலினையும் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவற்றை டிரமடால் போன்ற ஓபியாய்டுகளோடு, அதாவது ஓபியம் வகை வலி மருந்துகளோடு, சேர்த்தால் மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரித்தது இதைத்தான். டிரமடாலை அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ப்பதிலும் வேறொரு ஆபத்து உண்டு. ஏற்கெனவே எடுக்கும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

வலி ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து 5 சதவீதம் உள்ள ஒட்டும் பட்டை நல்ல வழி. முழுதாக ஆறிய தோலில் மட்டும் ஒட்டி, 12 மணி நேரம் வைத்து, அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். உடம்பு முழுவதும் மந்தமாகாமல் அந்த இடம் மட்டும் அடங்குவதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது.

நரம்புச் சத்து மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். மெத்தில்கோபாலமின், அதாவது பி12, நம் ஊரில் நரம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுதப்படுகிறது. பி12 குறைவாக இருப்பவர்களுக்கு அது மிக அவசியம். அசைவம், முட்டை, பால் குறைவாகச் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அளவு சரியாக இருப்பவருக்கு அறுந்த நரம்பை அது சீக்கிரம் வளர்த்துவிடும் என்று நம்பி மாதக்கணக்கில் காசு செலவழிக்க வேண்டியதில்லை. அதோடு வரும் கூட்டு மாத்திரைகளில் பி6 அதிகமாக இருந்தால் கவனம் தேவை. நீண்டகாலம் அதிக அளவில் எடுக்கும் பி6 தானே நரம்பைக் கெடுத்து, கைகால் மரமரப்பை உண்டாக்கும்.

மூன்று மாதம் தாண்டினால்

அறுவைக்குப் பிறகு 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். மரமரப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் பொறுத்திருக்கலாம். வலி குறையாமல் நின்றால் காத்திருப்பதில் லாபமில்லை. மருத்துவர்கள் டிஎன்4 என்ற சிறு கேள்வித்தாளைப் பயன்படுத்துவார்கள். எரிச்சல், வலிக்கும் குளிர்ச்சி, மின்சாரம் பாய்வது, ஊரல், ஊசிக் குத்தல், மரமரப்பு, நமைச்சல் ஆகிய ஏழையும் கேட்டு, தொடுதலும் குத்தலும் குறைந்திருக்கிறதா, தூரிகை பட்டால் வலி கூடுகிறதா என்று தொட்டும் பார்ப்பார்கள். 10க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த படி, வலிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கே மரக்கவைக்கும் ஊசி போட்டுப் பார்ப்பது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே போடுவது முக்கியம், ஏனென்றால் ஊசிக்குக் கீழே ஒரு பக்கம் இம்ப்ளான்டும் மறுபக்கம் நுரையீரலும் இருக்கின்றன. ஊசி போட்ட சில நிமிடங்களில் வலி அடியோடு போய்விட்டால், குற்றவாளி அந்த நரம்புதான் என்று உறுதியாகிறது. சிலருக்கு ஸ்டீராய்டு சேர்த்துப் போடும் அந்த ஊசியே வாரக்கணக்கில் நிம்மதி தரும். திரும்பத் திரும்ப வந்தால், நியூரோமாவை வெட்டி எடுத்து நரம்பு நுனியைத் தசைக்குள் புதைக்கும் அறுவை இருக்கிறது. பை மிகச் சிறிதாகவோ இம்ப்ளான்ட் மிகப் பெரிதாகவோ இருந்து நரம்பு இன்னும் இழுபட்டுக்கொண்டே இருந்தால், சிறிய இம்ப்ளான்டுக்கு மாற்றுவதும் எடுத்துவிடுவதும் நியாயமான வழிகள்தான். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

தயக்கம்தான் இந்த விஷயத்தில் பெரிய இடர். நீயாகத் தேடிப்போய்ச் செய்துகொண்டதுதானே என்ற சொல்லுக்குப் பயந்து, வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொண்ட பெண்களும், மருத்துவமனை வரிசையில் நிற்கும்போதே பார்வைகளைத் தாங்க வேண்டியிருக்கும் திருநங்கைகளும் வலியை மாதக்கணக்கில் அடக்கிக்கொள்கிறார்கள். அறுவை அன்றும் அடுத்த சில நாட்களிலும் வலியை மருந்தால் சரியாகக் கட்டுப்படுத்தாதவர்களுக்கே அது நாட்பட்ட வலியாக மாறும் வாய்ப்பு அதிகம். விருப்பப்பட்டுச் செய்த அறுவை என்பதால் நரம்பு குறைவாக வலிப்பதில்லை.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்துகொண்டு போகலாம். ஒரு தாளில் இரண்டு மார்பகத்தையும் வட்டமாக வரைந்து, கடிகாரம்போல 12, 3, 6, 9 என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பார்த்து, தெரியாத இடத்தை ஒரு நிறத்திலும், வலிக்கும் இடத்தை இன்னொரு நிறத்திலும், தட்டினால் ஊரும் எல்லையைக் கோடாகவும் குறியுங்கள். தேதி போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தாளில் இதையே செய்யுங்கள். நான்கு தாள்களை வரிசையாக மேசையில் வைத்தால், கோடு காம்பை நோக்கி நகர்ந்திருக்கிறதா, ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று மருத்துவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடவே இம்ப்ளான்ட் அட்டையையும் எடுத்துப் போங்கள். வகை, அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும்.